போர்வையும் மாலையும்: கவிதை மருந்தான வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். பின்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஊர். முன்னது விஜயநகரக் காலத்திற்குப் பின் தெலுங்கு பேசும் இராஜுக்கள் குடியேறி வளர்த்த ஊர். இவ்விரண்டு ஊர்களையும் ஒரு நூல் இணைக்கிறது. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்த மால்யதா’ என்னும் காவியமே அது. ஸ்ரீவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்ட அக்காவியத்தைத் தமிழாக்கித் தந்தவர் இராஜபாளையத்தில் வாழ்ந்து 2008இல் மறைந்த பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா. பாலி, பிராகிருதம், தெலுங்கு முதலான மொழிகளிலிருந்து பல நூல்களைத் தமிழுக்குக் கொணர்ந்த அவருக்கு இத்தமிழாக்கம் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசை ஈட்டித் தந்தது.

அரபுக் கல்லூரியில் கஸீதாக்களைப் பாடம் சொல்லும் ஒருவன் இந்த நூலைப் பற்றி எழுதப் புகுவதேன் என்று வாசகர்கள் வினவலாம். ஆமுக்த மால்யதா ஒரு கனவில் தொடங்கி, ஒரு பாடல் ஓர் உயிரின் நோயை நீக்கிய கதையில் உச்சம் பெறுகிறது. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஓதப்பட்டு வரும் ‘கஸீதத்துல் புர்தா’வின் வரலாறும் நோயோடும் கனவோடும் பின்னிப் பிணைந்தது. ‘புர்தா’ என்பதற்குப் போர்வை என்று பொருள். ‘ஆமுக்த மால்யதா’ என்பதற்குத் தான் அணிந்த மாலையை அளித்தவள் என்று பொருள். போர்வையும் மாலையும் ஒருவர் மேனியில் தங்கிப் பிறருக்கு வழங்கப்பட்டவை. அவ்வழங்குதலின் வழியே புனிதம் கைமாறுகிறது என்னும் எண்ணம் இரு மரபுகளிலும் உண்டு.

கவிதை நோயைத் தீர்க்குமா? இவ்வினா வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. கடந்த சில பத்தாண்டுகளாகத் தமிழ் முஸ்லிம்களின் குடும்பங்களையே இரண்டாகப் பிரித்து நிறுத்தியிருக்கும் வினா இது. தாய் நோயுற்றபோது புர்தா ஓத வேண்டும் என்கிறார் ஒரு மகன். அது மார்க்கத்தில் இல்லாதது என்று எழுந்து செல்கிறார் இன்னொருவர். ஒரே கூரையின்கீழ் நிகழும் இப்பிணக்கிற்கு வரலாறு தரும் விடை என்ன என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் போர்வையும் இரண்டாம் போர்வையும்

புர்தா என்னும் பெயர் முதலில் வழங்கியது பூஸீரி இமாமின் கவிதைக்கு அன்று. முஅல்லகாக் கவிஞர் ஸுஹைரின் மகன் கஅபு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் முஸ்லிம்களையும் பழித்துக் கவி பாடியவர். மக்கா வெற்றிக்குப் பின்னர் அவர் மதீனா வந்து மன்னிப்பு வேண்டினார். ‘பானத் ஸுஆத்’ எனத் தொடங்கும் கஸீதாவைப் பெருமானார் முன்னிலையில் பாடினார். அண்ணலார் தம் போர்வையை அவருக்கு அளித்தார்கள். பிற்காலத்தில் முஆவியா (ரலி) அவர்கள் அப்போர்வையைக் கஅபின் வாரிசுகளிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள் என்பது வரலாறு. காயப்படுத்திய நாவே மன்னிப்பு வேண்டிப் பாடியது; அந்நாவுக்குரியவரைப் போர்வை மூடியது. கவிதையும் போர்வையும் நம் மரபில் முதன்முதலாகச் சந்தித்த இடம் இதுவே.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் எகிப்தில் அந்நிகழ்ச்சி வேறொரு வடிவில் திரும்புகிறது. ஷரபுத்தீன் முஹம்மது பின் ஸயீது அல்பூஸீரி (ரஹ்) ஹிஜ்ரி 608இல் பிறந்தவர்; பெர்பர் குலத்தவர்; பில்பைஸ் என்னும் ஊரில் அரசு எழுத்தராகப் பணியாற்றியவர். ஆட்சியாளர்களைப் புகழ்ந்தும், தம் வறுமையைச் சொல்லி உதவி கேட்டும், நேர்மையற்ற அலுவலர்களை எள்ளி நகையாடியும் கவிகள் எழுதியவர். ஷாதுலிய்யா ஞானி அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ (ரஹ்) அவர்களின் தொடர்பு அவரை வேறு திசைக்குத் திருப்பியது.

அவரைப் பக்கவாதம் தாக்கி உடலின் ஒரு பாதி செயலிழந்தது. அந்நிலையில் கஸீதா ஒன்றை இயற்றி, அதைக் கொண்டு அல்லாஹ்விடம் நலம் வேண்டி, திரும்பத் திரும்ப ஓதி அழுது உறங்கினார். கனவில் பெருமானார் (ஸல்) அவர்கள் தோன்றித் தம் திருக்கரத்தால் தடவிப் போர்வையை அவர்மீது போர்த்தினார்கள். விழித்தெழுந்தபோது நடக்கும் ஆற்றல் திரும்பியிருந்தது. வெளியே சென்றவரை எதிர்ப்பட்ட ஃபக்கீர் ஒருவர், எவரிடமும் சொல்லப்படாத அக்கவிதையைக் கேட்டார். பூஸீரி இமாமின் சொந்தக் கூற்றாகவே இதனைப் பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு ஷாகிர் அல்குதுபீ பதிவு செய்துள்ளார். ‘அல்கவாகிபுத் துர்ரிய்யா’ என்று தொடங்கும் பெயரைக் கவிஞர் சூட்டியிருந்தபோதிலும் ‘புர்தா’ என்றே உலகம் அதை அழைத்தது. நலமடைதல் என்னும் பொருள் தரும் ‘புர்ஆ’ என்ற பெயரும் அதற்கு உண்டு. ஓர் எழுத்தின் மாற்றத்தில் போர்வை மருந்தாகிவிடுகிறது.

இங்கு நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். கனவு கவிதையைத் தரவில்லை. நோயும் இறைஞ்சுதலும் முதலில் வந்தன. கவிதை அவற்றிலிருந்து எழுந்தது. கனவும் நலமும் பின்னரே வந்தன. பத்துப் பகுதிகளையும் ஏறத்தாழ 160 பைத்துகளையும் கொண்ட அக்கஸீதாவின் அமைப்பே ஒரு மருத்துவ முறை போலிருக்கிறது. முதற்பகுதி கண்ணீரைக் காட்டுகிறது; அது நோயின் குறி. இரண்டாம் பகுதி நஃப்ஸின் இச்சைகளை ஆராய்கிறது. அது நோயின் காரணம். பின்வரும் பகுதிகள் பெருமானாரின் மாண்பு, பிறப்பு, அற்புதங்கள், திருமறை, மிஃராஜ், அறப்போர் எனப் பார்வையைத் தன்னிடமிருந்து விலக்கி உயர்த்துகின்றன. ஒன்பதாம் பகுதியில் கவிஞர் தவ்பாச் செய்கிறார். எதற்காக? கவிதையிலும் அரசுச் சேவையிலும் கழிந்த தம் வாழ்நாளுக்காக. ஊதியத்திற்கு விற்ற சொற்களே அவருடைய குற்ற உணர்வின் மையம். பத்தாம் பகுதி முனாஜாத்து.

ஆகவே பூஸீரி இமாமுக்கு நோயுற்றிருந்தது உடல் மட்டுமன்று. அவருடைய கவிதையே நோயுற்றிருந்தது. புர்தா முதலில் குணப்படுத்தியது அந்தக் கவிதையை.

வில்லிபுத்தூர் மாலை

இனி ஆமுக்த மால்யதாவுக்கு வருவோம். கலிங்கப் படையெடுப்பின்போது, கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் பாடுமாறு பணித்ததாகக் கிருஷ்ணதேவராயர் காவியத் தொடக்கத்தில் கூறுகிறார். அதுவரை வடமொழியில் எழுதிவந்த பேரரசன், மக்கள் பேசும் மொழிக்கு இறங்கிவரப் பணிக்கப்படுகிறான்.

ஆறு ஆசுவாசங்கள் கொண்ட அக்காவியத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நம் ஆய்வுக்கு உரியவை. முதலாவது மதுரையில் நிகழ்கிறது. பாண்டிய மன்னன் மத்ஸ்யத்வஜன் இரவில் காமக்கிழத்தியின் இல்லம் நோக்கிச் செல்கிறான். வழியில் வெளியூர் அந்தணன் ஒருவன் ஓதும் செய்யுள் அவன் காதில் விழுகிறது. மழைக்காலத்திற்கு வேண்டியதை மற்ற மாதங்களிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. மன்னனின் கால்கள் நின்றுவிடுகின்றன. வந்த வழியே திரும்புகிறான். மெய்ப்பொருளை நிறுவுவார்க்குப் பொற்கிழி என அறிவிக்கிறான். வில்லிபுத்தூரில் மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் மதுரைக்கு வரக் காரணமானது அந்தச் செய்யுள்தான். ஐந்து வருமுன் ஐந்தைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை அறிந்தவர்கள், முதுமைக்கு முன் இளமை, நோய்க்கு முன் நலம், மரணத்திற்கு முன் வாழ்வு என்னும் அதன் வைப்புமுறையை இங்கு எண்ணிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி வில்லிபுத்தூரிலேயே நிகழ்கிறது. கோதை மெலிந்து நிறம் மாறி வாடுகிறாள். மகளுக்கு என்ன நோய் என்றறியாத தந்தை கோயிலில் நின்று முறையிடுகிறார். அவருக்கு விடையாக வருவது ஒரு கதை. திருக்குறுங்குடிப் பெருமானை நாள்தோறும் விடியலில் பாடும் மாலதாசரி என்பவர் கதை அது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, கோயிலுக்கு வெளியே நின்று பாடியவர் அவர். ஒருநாள் பிரம்மராட்சசன் ஒருவன் அவரைப் பிடித்துத் தின்ன முற்படுகிறான். ‘பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன்’ என்று வாக்களித்துச் சென்றவர், பாடி முடித்ததும் சொன்னபடியே திரும்பி வந்து நிற்கிறார். வாக்குத் தவறாத அவர்முன் அரக்கனின் பசி அவிந்துபோகிறது. உடலை வேண்டாமல் பாட்டின் பலனை வேண்டுகிறான். அதைப் பெற்றதும் அவனைப் பற்றியிருந்த சாபநோய் நீங்குகிறது. கைசிக புராணத்தில் நம்பாடுவான் என வழங்கும் இவர் கதை, கார்த்திகை மாத ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலில் நாடகமாக நடிக்கப்படுகிறது. நலிந்திருந்த அந்நாடகம் 1999இல் பேராசிரியர் சே. இராமானுஜத்தின் முயற்சியால் புத்துயிர் பெற்றது.

இக்கதையின் நுட்பம் யாது? பாட்டு இனிமையாக இருந்ததால் அரக்கன் குணமடையவில்லை. பாடியவர் தம் சொல்லில் நின்றார்; அதனால் அவருடைய பாட்டுக்கும் மதிப்பு வந்தது. அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதியில் திருமறை கவிஞர்கள்மீது சாட்டும் குற்றங்களை நினைவுகூர்க. செய்யாதவற்றைச் சொல்பவர்கள் என்பது அவற்றுள் தலையாயது. நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து இறைவனை மிகுதியாக நினைவுகூரும் கவிஞர்களை அதே இடத்தில் அது விலக்கி நிறுத்துகிறது. அதாவது திருமறை மறுப்பது கவிதையை அன்று. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே விழும் பிளவை. பெருமானாரின் பள்ளிவாயிலில் ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி) அவர்கள் கவி பாட மிம்பர் வைக்கப்பட்டதும் இவ்விலக்கின் விளக்கமே.

மூன்றாவது கனவு

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்கிழக்கே எட்டயபுரத்தில் இதே வரலாற்றின் மூன்றாம் நிகழ்ச்சியைக் காண்கிறோம். எட்டயபுர அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணவர் உமறுப்புலவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காவியமாக்க வள்ளல் சீதக்காதி அவரை வேண்டினார். மூலச் செய்திகளை அறிய அவர் சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை நாடினார். வித்ரிய்யாக் கஸீதாவுக்குத் தக்மீஸ் பாடிய அந்தப் பேரறிஞர், புலவரின் தோற்றத்தையும் உடையையும் கண்டு இவர் தகுந்தவரல்லர் என மறுத்துவிட்டார் என்பது செவிவழிச் செய்தி. மனம் நொந்த உமறு, பெருமானாரை விளித்து ‘முதுமொழிமாலை’ பாடினார். பெருமானார் (ஸல்) அவர்கள் இருவர் கனவிலும் தோன்ற, அப்பா அவர்கள் மனமிசைந்து உரைகளை வழங்கினார்கள். 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்தது.

செவிவழிச் செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. எனினும் ஒரு சமுதாயம் எக்கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது என்பது வரலாறேயாகும். இங்கும் ஒரு காயம் உண்டு: புறத்தோற்றத்தால் மறுக்கப்பட்ட காயம். அதற்கு மருந்தாக வந்தது ஒரு மாலை. இம்முறை அது சொல்லால் கட்டிய மாலை. எகிப்தில் அரசு எழுத்தர், விஜயநகரத்தில் அரசர், எட்டயபுரத்தில் அரசவை சார்ந்த புலவர் என மூவரும் அதிகாரத்தின் அருகிலிருந்த சொல்லைத் திருப்பிப் புனிதத்தின் பக்கம் நிறுத்தியவர்கள்.

ஒப்புமை வேறு, ஒருமை வேறு. ஆண்டாளின் பாசுரங்களில் இறைவன் மணாளன். புர்தாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அடியாரும் தூதரும் ஆவார்கள். அவதாரக் கொள்கைக்கு இஸ்லாத்தில் இடமில்லை. இவ்வேறுபாட்டை மறைத்து எழுதுவது இரு சமயத்தாருக்கும் இழைக்கும் அநீதி. ஆனால் வடிவங்கள் எல்லை கடந்து பயணிக்கின்றன. கண்ணனைக் குழந்தையாக்கிக் காப்பிட்டுப் பாடிய பெரியாழ்வார் பிள்ளைத்தமிழின் முன்னோடி எனக் கருதப்படுகிறார். தீங்கு அணுகாதிருக்கக் காப்புப் பருவத்தில் தொடங்கும் அச்சிற்றிலக்கிய வகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதும், முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள்மீதும் நம் புலவர்கள் நூல்கள் யாத்தனர். காப்பு என்னும் தாய்மையின் அச்சத்திற்கு எல்லாச் சமயத்திலும் ஒரே குரல்தான்.

அறிஞர் கருத்தும் மருத்துவமனையும்

புர்தாவின் சில பைத்துகள் பெருமானாரிடம் புகலிடம் தேடும் தொனியில் அமைந்தவை. அவை வரம்பு மீறுகின்றன என்பது மறுப்பாளர் வாதம். ஜலாலுத்தீன் அல்மஹல்லீ, இப்னு ஹஜர் அல்ஹைதமீ, இப்ராஹீம் அல்பாஜூரீ முதலிய ஷாஃபிஈ பேரறிஞர்கள் அக்கஸீதாவுக்கு உரை வரைந்தவர்கள். மறுமை நாளின் ஷஃபாஅத் என்னும் கருத்திலேயே அவ்விடங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது உரை மரபின் நிலை. இரு தரப்பிலும் தவ்ஹீதைக் காக்கும் கவலை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டால் பாதிச் சச்சரவு தணிந்துவிடும்.

ஓதிப் பார்த்தல் பற்றிய மூல நெறி தெளிவானது. தேள் கொட்டிய குலத்தலைவர் ஒருவருக்கு நபித்தோழர் அபூஸயீது அல்குத்ரீ (ரலி) அவர்களின் குழுவினர் ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதினர், அவர் நலமடைந்தார், கூலியாக ஆடுகள் பெறப்பட்டன. பெருமானார் அதை ஏற்றார்கள்; தமக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்கள். எனவே கூலி பெறுதலையே குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஷிர்க் கலவாத ஓதுதலில் தடையில்லை என்றும் நபிமொழி உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறும், நிவாரணமின்றி எந்நோயும் இறக்கப்படவில்லை என்றும் அறிவித்ததும் அதே திருவாய்தான்.

பூஸீரி இமாம் வாழ்ந்த காலத்திலேயே, 1284இல், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையை எழுப்பினார். நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கிய இப்னுந் நஃபீஸ் தம் இல்லத்தையும் நூலகத்தையும் அம்மருத்துவமனைக்கு வக்ஃபு செய்து 1288இல் மறைந்தார். 1488இல் இரண்டாம் பாயஸீது எதிர்னேயில் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கு இசை ஒலிக்கப்பட்டதை ஒஸ்மானியப் பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். புர்தாவை ஓதிய சமுதாயம்தான் மருத்துவமனைகளையும் கட்டியது. ஒன்றை ஏற்க மற்றொன்றைத் துறக்க வேண்டும் என்று அவர்கள் கருதவில்லை.

கவிதை எதைத் தொடுகிறது என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’ விடை தருகிறது. செவியுறல் பற்றிய நூற்பகுதியில், இசையோடு ஓதப்படும் கவி, உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதையே கிளர்த்துகிறது. இல்லாததைப் புகுத்துவதில்லை என்னும் கருத்தை இமாமவர்கள் விளக்குகிறார்கள். யூனுஸ் அத்தியாயத்தில் திருமறை தன்னை ஷிஃபா என்று குறிக்கும்போதும், அது நெஞ்சங்களில் உள்ள நோய்க்குரியதாகவே சுட்டப்படுகிறது. உடலின் நலம் அல்லாஹ் நாடினால் கிட்டுவது. அதனைக் கவிதையின் உத்தரவாதமாக எவரும் விற்க முடியாது. ஆனால் அச்சத்தாலும் தனிமையாலும் குற்ற உணர்வாலும் சுருங்கிய நெஞ்சம் விரிவதும் நலமே. நோயாளியைச் சூழ்ந்து உறவினர் அமர்ந்து ஒரே குரலில் ஓதும்போது, கைவிடப்படவில்லை என்னும் உறுதி அவருக்குக் கிடைக்கிறது. எந்த மருத்துவரும் அதை வேண்டாமென்று சொல்லமாட்டார்.

இழப்பது எது?

காயல்பட்டினம், கீழக்கரை முதலான ஊர்களில் புர்தா மஜ்லிஸ்கள் தொடர்கின்றன. பிற பல ஊர்களில் அவை அருகிவிட்டன. மறுப்புப் பிரச்சாரம் மட்டுமே இதற்குக் காரணம் எனச் சொல்வது முழு உண்மையாகாது. பொருளறியாமல், இராகம் மட்டும் அறிந்து, விரைந்து ஓதி முடிக்கும் வழக்கமும் அதைப் பலவீனப்படுத்தியது. தவ்பாவின் பைத்துகளை ஓதுபவர் தாம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்பதையே அறியாதபோது, சொல்லுக்கும் செயலுக்குமான அந்தப் பழைய பிளவு மீண்டும் திறந்துகொள்கிறது. தண்ணீரில் ஊதப்படும் மூச்சு மட்டும் எஞ்சுகிறது.

இராஜபாளையத்து அறிஞர் செய்த பணி இங்கு நமக்கு ஒரு பாடம். நான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தெலுங்குக் காவியத்தைப் புனிதப் பொருளாகப் பெட்டியில் பூட்டி வைக்காமலும், பழமை என்று ஒதுக்காமலும், அயல் மொழியாளர் படிக்கும் வண்ணம் பொருளோடு பெயர்த்துத் தந்தார். புர்தாவையும் முதுமொழிமாலையையும் நாம் அவ்வாறே நடத்த வேண்டும். ஒவ்வொரு மஜ்லிஸிலும் பத்துப் பகுதிகளுள் ஒன்றையேனும் தமிழில் விளக்கிச் சொல்லிய பின் ஓதலாம். அரபுக் கல்லூரிகள் பாஜூரீயின் உரையைத் தழுவி எளிய தமிழுரை ஒன்றை மாணவர்களைக் கொண்டே உருவாக்கலாம். பெண்கள் வீட்டில் ஓதிவந்த முனாஜாத்துகளையும் மாலைகளையும் முதியவர்கள் உள்ளபோதே ஒலிப்பதிவு செய்யலாம். பொருள் கேட்டு எழுதியும் வைக்கலாம்.

அப்போது, நோயுற்ற தாயின் கட்டிலருகே புர்தா ஓதவேண்டும் என்ற மகனும் எழுந்து சென்ற மகனும் குறைந்தது ஒரு பகுதியையாவது சேர்ந்து கேட்க இயலும். தவ்பாவை விளக்கும் ஒன்பதாம் பகுதி அதற்குப் பொருத்தமானது. மன்னிப்புக் கேட்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.